ஈரம் காயும் முன் எடுக்கிற கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேட்டூர் நிரம்பப் போகிறது என்ற செய்தி வந்த கையோடு, பவானி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் போன வாரம் வெளியிட்டிருந்தீர்கள். 2022 வெள்ளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், வீடுகளைப் பழுதுபார்க்க வந்த ஒரு கிறிஸ்தவ சபைக் குழுவையும் ஒரு குத்து குத்தியிருந்தார். தண்ணீர் வடிந்து ஒன்றரை மாதம் கழித்து வேன் பிடித்து வந்தார்களாம், அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்ததாம். அவர்களை ஒன்றரை மாதம் வரவேண்டாம் என்று இழுத்துப் பிடித்து வைத்தவன் நான்தான். அந்தத் திட்டு எனக்கு வரவேண்டியது.

நான் சித்தோட்டுக்காரன். சித்தாளாகச் சேர்ந்து, கொத்தனாராகி, மேஸ்திரி ஆனவன். கொத்துக்கரண்டி பிடித்து முப்பத்து நாலு வருடம் ஆகிறது. சபைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. பங்குனியில் பண்ணாரிக்குப் போய்க் குண்டம் இறங்குகிற ஆள். அந்தச் சபையைச் சேர்ந்த வாத்தியார் ஒருவருக்கு வீடு கட்டிக் கொடுத்த பழக்கத்தில் கூப்பிட்டார்கள். எங்கள் பெயரை எங்கேயும் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதால் சபை எது என்று எழுதவில்லை.

முதன்முதலில் கூப்பிட்டது 2018 ஆகஸ்டில். அந்த வருடம் காவிரியிலும் வெள்ளம், பவானியிலும் வெள்ளம். இரண்டு ஆறும் கூடுகிற ஊருக்குக் கேட்கவா வேண்டும்? கரையோரத் தெருக்களில் இடுப்பளவு நின்றது. எதிர்க்கரையில் குமாரபாளையத்திலும் அதே கதைதான். வடிந்த ஒன்பதாவது நாள் சபைக்காரர்கள் நாற்பது பேர் வந்து இறங்கிவிட்டார்கள். ஓய்வுபெற்ற பேங்க் ஆபீசர், இரண்டு நர்சுகள், காலேஜ் பிள்ளைகள். பூச்சைத் தேய்க்கிற மணியாசுக்கட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆனால் சேறு அள்ளும்போது ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. அதைப் பார்த்து எனக்கு மனசு இளகிப்போய்விட்டது. அந்த வேகத்தில்தான் தப்புச் செய்தேன்.

அங்கே பாதி வீடு மண் சுவர், மேலே சீமை ஓடு. சேற்றைக் கழுவிய கையோடு, அடிப்பக்கம் கரைந்திருந்த சுவருக்கெல்லாம் சிமென்ட் பூச்சுப் பூசச் சொன்னேன். பூசி, வெள்ளையடித்து, வாசலில் கோலமும் போட்டாகிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். தீபாவளிக்கு முன்னாலேயே பூச்சு வறட்டி மாதிரி பெயர்ந்து விழ ஆரம்பித்தது. ஒரு வீட்டில் பூச்சோடு சுவரும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்காரர்கள் அப்போது ரேஷன் கடையில் இருந்தார்கள். அவர்கள் புண்ணியம், என் புண்ணியம்.

மண் சுவர் தண்ணீரைக் குடிக்கும். மூன்றடி தண்ணீர் நின்றால் நாலடி, நாலரை அடி வரைக்கும் ஈரம் ஏறும். அதற்கு மேல் சிமென்டைப் போட்டு மூடினால் ஈரம் வெளியேற வழியில்லை. மண் காயக் காயச் சுருங்கும், சிமென்ட் அந்த அளவுக்குச் சுருங்காது, இரண்டும் ஒட்டாது. இது எங்கள் அப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நாற்பது பேர் கரண்டியோடு வேலை கேட்டு நின்றபோது மறந்துபோனது, அவ்வளவுதான்.

அதே வருடம் நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரை ஏறியது. வேதாரண்யம் பக்கம் போகலாம் என்று அதே குழு கூப்பிட்டது. ஐந்து நாள் இருந்தோம். ஓடு, ரீப்பர், கைமரம், கீற்று என்று அங்கே எல்லாமே கூரை வேலை. மழை வருவதற்குள் மேலே மூடியாக வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. காற்றடித்த ஊருக்கு ஓட வேண்டும், தண்ணீர் நின்ற ஊருக்குப் பொறுக்க வேண்டும் என்பது அந்த ஒரே வருடத்தில் எங்களுக்குப் பிடிபட்டது.

2022இல் ஆடிப் பதினெட்டை ஒட்டியே தண்ணீர் ஏறியது. மேட்டூரிலிருந்து வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல். வடிந்த மறுநாளே சபையின் ஆயர் போன் செய்தார். "ஐயா, இப்ப வந்தா சேறு அள்ளிக் குடுங்க, சாமான் கழுவிக் குடுங்க. சுவத்துல மட்டும் கை வெக்காதீங்க" என்றேன். அப்படியே செய்தார்கள். இரண்டு சனிக்கிழமை வந்து அள்ளினார்கள். வாசகர் அதைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. பிறகு நான் மட்டும் வாரம் ஒருமுறை போய், பாலித்தீன் தாளை ஒரு முழம் சதுரத்துக்கு வெட்டிச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு வருவேன். மறுநாள் காலையில் உள்பக்கம் துளித்துளியாக வேர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். ஐந்தாவது வாரம் வரைக்கும் வேர்த்துக்கொண்டேதான் இருந்தது.

அந்த ஐந்து வாரத்தில் விழுந்த சுவர்கள் எத்தனை தெரியுமா? நாங்கள் பார்த்த பத்தொன்பது வீடுகளில், வெள்ளம் நின்றபோது விழுந்தது இரண்டு. வடிந்து காய ஆரம்பித்த பிறகு விரிசல் விட்டு விழுந்தது ஆறு. சேதக் கணக்கு எடுக்க வந்தவர்கள் நாலாவது நாளே வந்து போய்விட்டார்கள். அன்றைக்கு அந்த ஆறு வீடும் நின்றுகொண்டிருந்தது. குறைந்தது 15 சதவீதம் சேதம் இருந்தால்தான் பகுதிச் சேதம் என்று பேரிடர் நிவாரண விதி சொல்கிறது. ஈரச் சுவரைப் பார்த்துப் பதினைந்தா பதினாலா என்று முப்பது வருடம் கரண்டி பிடித்த என்னாலேயே சொல்ல முடியாது. வந்த தம்பி கையில் பேனாவும் பேடும்தான் இருந்தது, சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற ஒரு தூக்குக்குண்டுகூட இல்லை. அவரையும் குறை சொல்ல மாட்டேன், ஒரு நாளில் அத்தனை தெருவையும் முடிக்கச் சொல்லியிருப்பார்கள்.

புரட்டாசியில்தான் வேலை தொடங்கினோம். கூரையைச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்து நிறுத்தி, அடிச்சுவரை இரண்டடி இரண்டடியாகப் பெயர்த்துக் கல் வைத்துக் கட்டினோம். ஒரு துண்டு கட்டினால் அடுத்ததைத் தொடாமல் தள்ளி இன்னொன்று. அவசரப்பட்டு வரிசையாகப் பெயர்த்தால் சுவர் தலையில் வந்துவிடும். மேலே சிமென்ட் இல்லை. வைக்கோல் வெட்டிப் போட்டு மிதித்த மண்தான். பேங்க் ஆபீசர் வேட்டியை மடித்துக் கட்டி மண் மிதித்ததைப் பார்க்க வேண்டுமே! புரட்டாசிச் சனிக்கிழமை என்பதால் தெருவில் யாரும் கவிச்சி தொடமாட்டார்கள் என்று யார் சொன்னார்களோ, வேனில் வந்த சாப்பாடு எல்லா வாரமும் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கும்தான். மதம் மாற்ற வந்தார்களா என்று பலர் என்னிடம் கேட்டார்கள். ஒரு பையன் முதல் வாரம் சின்னப் புத்தகக் கட்டு ஒன்றை எடுத்து வந்தான். ஆயர் அதை வாங்கித் திரும்ப வேன் சீட்டுக்கடியில் வைத்ததைக் கண்ணால் பார்த்தேன். காலையில் இரண்டு நிமிடம் ஜெபம் செய்வார்கள், நான் திருநீற்றோடு ஓரமாக நிற்பேன்.

ஒரு வீட்டில் ஜமக்காளம் நெய்கிற ஆத்தா. குழித்தறி, குழிக்குள் காலை விட்டு மிதித்து நெய்கிற தறி. குழி நிறையச் சேறு, பாவில் சிவப்புச் சாயம் பச்சைக்குள் இறங்கிக் கிடந்தது. சுவரைப் பற்றி அந்த ஆத்தா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "செவுரு கெடக்குது போங்க, குழியெ எப்பங்க கட்டித் தருவீங்க?" என்பதுதான் வாரா வாரம். கரைந்த குழியைச் செங்கல் வைத்துக் கட்டினோம். பேங்க் ஆபீசர் டேப்பால் ஆத்தாவின் முழங்காலிலிருந்து குதிகால் வரை அளந்து நோட்டில் எழுதினார். "ஏனுங், துணி தெக்கிறதுக்கா அளவெடுக்கறீங்க?" என்று சொல்லிவிட்டு, கட்டி முடிக்காத விளிம்பில் ஆத்தாவே உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, இல்லாத மிதியை மிதித்துக் காட்டினார். குழியின் ஆழத்தை அரை அடி குறைத்துக் கட்டினோம். கைவினைக்காரர், நெசவாளர் கருவி போனால் அதற்குத் தனியாக நிவாரணம் உண்டு. 2022-26க்கான விதிமுறையில் ஆளுக்கு 5,000 ரூபாய். இது ஆத்தாவுக்கும் தெரியாது, எங்களுக்கும் அப்போது தெரியாது. வீட்டுச் சேதம் எழுத வந்தவரும் தறிக்குழியை எட்டிப் பார்க்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். மண் சுவர் வீடுகளுக்கு மட்டுமாவது நாற்பத்தைந்து நாள் கழித்து இரண்டாவது தடவை கணக்கு எடுக்க வேண்டும். முதல் கணக்கில் பெயர் இல்லாத வீட்டையும் அப்போது சேர்க்க வேண்டும். வருகிறவர்களோடு உள்ளூர்க் கொத்தனார் ஒருவரை அனுப்பினால் ஒரு நாள் கூலிதான் செலவு. சபையோ ஜமாத்தோ ரோட்டரியோ, உதவிக்கு வருகிறவர்கள் முதல் வாரம் மண்வெட்டியோடு வரட்டும், கரண்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும்.

அந்த வாசகர் விரும்பினால் பத்தொன்பது வீட்டையும் நேரில் கூட்டிப் போய்க் காட்டுகிறேன். சாதித்துவிட்டதாகச் சொல்லவில்லை, அதில் இரண்டு வீட்டில் மறுபடியும் உப்புப் பூத்திருக்கிறது. ஏன் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சபையிலிருந்து போன். ஆயர் மாறிவிட்டார், இவர் புதியவர். "மேஸ்திரி, இந்தத் தடவை எத்தனை வாரம் கழிச்சு வரட்டுங்க?" என்று கேட்கிறார். "தண்ணி இன்னும் படித்துறையே ஏறலீங்க, கொஞ்சம் பொறுங்க" என்று வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேஸ்திரி,
சித்தோடு, ஈரோடு மாவட்டம்.