இறைச்சி அரைக்கிற மெஷின் சம்பந்தமா அஞ்சாவது தரம் எழுதுறன்

வணக்கம்,

உங்கட சிவப்பு மெஷின், மூண்டு தட்டோட வாறது, எது எண்டு உங்களுக்கே தெரியும், ஆர்டர் நம்பரும் நாலு தரம் அனுப்பியாச்சு. 129 யூரோ குடுத்தனான்.

நான் இத்தாலியில பலெர்மோவில 14 வருசமா ஒரு வயசான அம்மாவைப் பாக்கிறன், நொன்னா எண்டுதான் கூப்பிடுறது. பொல்பெத்தே எண்ட இறைச்சி உருண்டை செய்ய எனக்குப் பழக்கினதே அவதான். மாடு பாதி பண்டி பாதி, பழைய பாணைப் பாலில ஊறவிட்டுப் பிழிஞ்சு, முட்டை, பெகொரினோ சீஸ், பார்ஸ்லி, இந்த ஊர் முறைக்கு பைன் கொட்டையும் முந்திரிகை வத்தலும், பொரிச்சு தக்காளி சோஸில மெதுவா வேகவிடுறது. அவவின்ர கையால சுத்துற மெஷின்ர பிடி முறிஞ்சதாலதான் உங்களிட்ட வாங்கினது.

அவவின்ர 90ஆவது பிறந்தநாள், மிலானோ தொரினோவில இருந்து பேரப்பிள்ளையள் எல்லாம் வந்து நிக்கினம். 3 கிலோ இறைச்சி. ஃப்ரிட்ஜில வச்சு நல்லாக் குளிர விட்டுத்தான் போட்டனான், உங்கட கத்தி வெட்டேல்லை, நசிக்குது, கொழுப்பு உருகி களி மாதிரி ஓட்டையெல்லாம் அப்பிப்போட்டுது. பிறகு கறுப்பா கிரீஸ் இறைச்சியோட வந்துது. நொன்னா விரலால தொட்டு மணந்து பாத்திட்டு ஒண்டும் பேசாமல் ஏப்ரனைக் கழட்டி கதிரையில போட்டவ. முழுக்கக் குப்பையில. அந்த நாளே செத்துப்போச்சு.

உங்கட ஆபீஸில போன் எடுத்த தம்பி என்ன சொன்னவர் தெரியுமோ? "கடையில அரைச்சது வாங்கலாம்தானே அன்ரி, ஒரு உருண்டைக்கு ஏன் இந்தப் பாடு" எண்டு சிரிச்சவர். அதுக்கு முதல் எலும்பு போட்டியளோ எண்டு மூண்டு தரம் கேட்டவர். எலும்பு எது இறைச்சி எது எண்டு தெரியாமலே நான் சமைக்கிறன்?

கரினியில டிப்போவில குடுங்கோ எண்டும் அவர்தான் சொன்னவர். எனக்குக் கிழமையில வியாழன் பின்னேரம் மட்டும்தான் லீவு. ரெண்டு பஸ் மாறி, வெயிலுக்க அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு போனா, அப்பிடி ஒரு பார்சல் எழுதியே இல்லையாம். திரும்பவும் தூக்கிக்கொண்டு வந்தனான், இண்டைக்கும் தோள்மூட்டு நோகுது. வாங்கி ஒன்பதாம் நாளே உங்களுக்கு அறிவிச்சனான், அதையும் மறந்திடாதேங்கோ. அந்தத் தம்பி பேரும் சொல்லேல்லை, கதைச்சுக்கொண்டிருக்கவே வச்சிட்டார்.

தயவுசெய்து கேக்கிறன், காசைத் திருப்பிப் போட்டுவிடுங்கோ. செய்த கம்பனியைக் கேளுங்கோ எண்டு இனிச் சொல்லாதேங்கோ, இங்க சட்டப்படி 2 வருசத்துக்கு வித்தவைதான் பொறுப்பு. வாற வியாழனுக்குள்ள பதில் இல்லாட்டி நுகர்வோர் சங்கத்தில எழுதிக் குடுப்பன், ஞாயிறுகளில இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவிட்ட மலை ஏறிப் போற எங்கட சனம் ஒவ்வொருத்தருக்கும் சொல்லுவன்.

உங்களில எனக்குக் கோவம் இல்லை, நம்பித்தான் வாங்கினனான். ஆனா புதுக் கத்தி அனுப்புறம் எண்டு மட்டும் திரும்ப எழுதாதேங்கோ. மெஷின் கழுவித் துடைச்சு பெட்டியில இருக்கு, ஆளை அனுப்பி எடுப்பியுங்கோ.