பெட்டிக்குள் வரும் ஸ்டிக்கரில் ஒன்றை எங்களுக்கும் தாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் எலும்பு, பல் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர்களுக்கு,

வணக்கம். உடலுக்குள் நீங்கள் வைக்கும் உள்வைப்பு (இம்பிளான்ட்) என்ன கம்பனி, என்ன மொடல் என்பதை எங்கள் கையிலும் எழுத்தில் தாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்; உங்கள் கைராசியைக் குறை சொல்ல அல்ல. இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு எங்கள் மாமி கல்லடிப் பாலத்தை நடந்தே கடந்தவர். செயற்கை மூட்டில் தொடையெலும்புக்குள் இறங்கும் தண்டு, அதன் கழுத்தில் உட்காரும் குண்டு, குண்டு சுழலும் கிண்ணம் என்று பாகங்கள் உண்டு. பல வருடம் கழித்துக் கிண்ணம் தேய்ந்து வலி வந்தது. வேறொரு வைத்தியசாலையில் எக்ஸ்ரேயைப் பார்த்த நிபுணர், "தண்டு நல்லாப் பிடிச்சிருக்கு. கிண்ணத்தையும் குண்டையும் மாத்தினாப் போதும். என்ன கம்பனி, என்ன மொடல்?" என்று கேட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் கார்டில் இடுப்பு மூட்டு மாற்றியதாக ஒரு வரி. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு கம்பனியின் குண்டு இன்னொரு கம்பனியின் தண்டுக் கழுத்தில் சரியாக உட்காரும் என்று நம்ப முடியாதாம்.

தண்டையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடலாமே என்று வீட்டில் கேட்டார்கள். அங்கேதான் பூச்சு குறுக்கே நிற்கிறது. சீமெந்து வைக்காமல் பொருத்தும் டைட்டேனியத் தண்டுகள் பலவற்றில் ஹைட்ரொக்ஸிஅபடைட் பூசியிருக்கும். நம் எலும்பிலும் பல் எனாமலிலும் உள்ள கல்சியம் பொசுபேற்றின் உறவுக்காரன் அது. பிளாஸ்மாச் சுவாலையில் உருக்கித் தெளிக்கிறார்கள். தடிப்பு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குக்கு முன்னே பின்னே. எலும்பு அதை அந்நியமாக நினைப்பதில்லை, ஒட்டி வளர்கிறது. காலப்போக்கில் பூச்சு கரைந்தாலும் கீழே இருக்கும் சொரசொரப்பான உலோகத்தை எலும்பு பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்த தண்டை எடுப்பதென்றால் நல்ல எலும்பையும் சேர்த்து உளியால் வெட்ட வேண்டும். ஒரு பெயர் தெரியாததற்காக வயதுபோன மனுசி அந்தப் பாடு பட வேண்டுமா?

அந்தப் பெயர் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள்ளேயே இருந்தது. உள்வைப்பு வரும் பெட்டிக்குள் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் இருக்கும்: கம்பனி, மொடல் இலக்கம், லொட் (தயாரிப்புத் தொகுதி) இலக்கம், அளவு. பலவற்றில் உலோகமும் பூச்சும்கூட. ஒன்று வார்ட்டில் நோயாளியின் குறிப்புகளை எழுதும் பெட் ஹெட் டிக்கெட்டில் ஏறி ரெக்கோர்ட் ரூமுக்குப் போய்விடுகிறது. இன்னொன்றை டயக்னோசிஸ் கார்டின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள், இதுதான் கேட்பது. காகிதம் தொலைந்துவிடும் என்று யோசிக்க வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் முக்கியமான கடதாசியை பொலித்தீன் பையில் கட்டி வைக்காத வீடு குறைவு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே முதல் நடைமுறையிலுள்ள சட்டம் நோயாளிக்கு உள்வைப்பு அட்டை கொடுக்கச் சொல்கிறது. தகடு, திருகாணிகளுக்கு அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. உடைந்த காலுக்கு வைக்கும் துருப்பிடிக்காத உருக்குத் தகட்டில் நிக்கல் இருக்கிறது. கவரிங் நகை போட்டாலே தோல் தடிக்கும் பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஒவ்வாமைக்காரருக்கென்று டைட்டேனியம் நைட்ரைட் பூசிய, தங்க நிறத்தில் மின்னும் முழங்கால் மூட்டுகளும் வருகின்றன. போட்டது எது என்று தெரிந்தால்தானே அடுத்த வைத்தியர் யோசிக்கலாம்?

பல் வைத்தியர்களே, உங்களிடமும் இதே கேட்பு. விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையெலும்பில் பொருத்தும் பல் திருகாணிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூச்சே கிடையாது; மணல் அடித்து அமிலத்தில் அரித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள். ஆனால் பிறகு இறுக்கவோ கழற்றவோ அந்தந்தக் கம்பனியின் சாவி, அதாவது திருகும் கருவி, வேண்டும். கட்டாரில் பல் வைத்துக்கொண்டு வந்தவர், திருகாணிக்கு மேல் பொருத்திய பல் ஆடத் தொடங்கியதும் கல்முனையில் எந்தச் சாவியைத் தேடுவார்? பில்லில் "இம்பிளான்ட் 1" என்று எழுதும் இடத்தில் கம்பனியின் பெயரையும் விட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஒரு நோயாளியின் மருமகள்