அம்மாவின் ஸ்கியைக் கொண்டு வா

அன்புள்ள பிள்ளைக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில், நான் ஸ்கி ஓடிவிட்டு வந்தேன் என்று சொன்னதும் நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள் நிற்கிறது. "அம்மாவா? நீங்களா?" என்று இரண்டு தரம் கேட்டாய். அதற்குள் உன் பஸ் வந்துவிட்டது, கதை பாதியில் நின்றது. முழுவதையும் சொல்லி முடிக்காமல் எனக்கு நித்திரை வராது என்று உனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். அப்பா பக்கத்தில் இருந்து செய்தி பார்க்கிறார். கடைசியில் ஒரு உதவியும் கேட்பேன், அதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

நீ சிரித்ததில் பிழை இல்லை. நோர்வேயில் இருந்த 26 வருடத்தில் பனியில் சறுக்குகிற அந்தப் பலகைகளை நான் திட்டாத பனிக்காலம் ஒன்றாவது உண்டா? 1993 இல் கலியாணம் முடித்து நோர்வேயின் வட கோடி ஃபின்மார்க்கில் வந்து இறங்கியபோது நவம்பர் கடைசி, சூரியன் ஜனவரி நடுப்பகுதி வரை வராது என்று அப்பா விமான நிலையத்தில் வைத்துத்தான் சொன்னார், ஊரில் பெண் பார்க்க வந்தபோது சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மனிசி ஒரு சோடி ஸ்கியைக் கொண்டுவந்து தந்து, மொழி தெரியாத எனக்குக் கையாலேயே எல்லாம் காட்டித் தந்தார். மீன் தொழிற்சாலை வாசலில், வேலை மாறுகிற நேரம், எல்லாரும் பார்க்க நான் நிலத்தில் குந்தியிருந்தேன். எழும்பினேன், திரும்பவும் விழுந்தேன். அதோடு அதைச் சுவரில் சாத்தியவள், நீ பிறந்து, ஒஸ்லோவுக்கு மாறி, உனக்குப் பள்ளிக்கூடத்தில் ஸ்கி நாள் என்று கடிதம் வரும் வரை தொடவில்லை.

அந்த ஸ்கி நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்கியின் அடியில் பூசுகிற வேக்ஸ், குளிர் என்றால் நீலம் என்று கடைக்காரன் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு, வெளியில் பனி உருகிச் சொட்டுகிற நாளில் நீலத்தைப் பூசி அனுப்பிவிட்டேன். பூச்சியத்தைத் தாண்டினால் சிவப்பு என்று எனக்கு யார் சொன்னது? நீ நாள் முழுக்க ஒரு அடி முன்னால் போய் இரண்டு அடி பின்னால் வழுக்கி, அழுது சிவந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தாய். அதற்குப் பிறகுதான் நான் படித்தேன், பிடிவாதத்துக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் லில்லுமார்க்கா காட்டுக்குள் உன்னைக் கூட்டிக்கொண்டு போவேன், பையில் இரண்டு தோடம்பழம், ஒரு க்விக் லுன்ஷ் சொக்லேட், இஞ்சி போட்ட பிளேன்ரீ ஒரு போத்தல். உனக்காகத்தான் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்வேன். எனக்கும் அப்படித்தான் என்ற எண்ணம்.

சரி, 2019 இல் லண்டன் வந்தோம். ஏன் வந்தோம் என்று உனக்குத் திரும்பவும் சொல்லத் தேவையில்லை, சித்தப்பாமார் இங்கே, கோயில் இங்கே, அப்பாவுக்கும் வயது போகிறது. ஹரோவில் வீட்டை விட்டு இறங்கினால் முருங்கைக்காய் இருக்கிறது, புடலங்காய் இருக்கிறது, கடையில் தமிழில் கோபப்படலாம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் பனிக்காலம் வந்தபோது எனக்கு ஏதோ சுகமில்லை என்று நினைத்தேன். பனி இல்லை, மழையும் இருட்டும் மட்டும். டிசம்பர் கடைசியில் விடிய எழும்பி யன்னல் திரையை விலக்குவேன், கறுப்பு ரோட்டு ஈரமாகக் கிடக்கும். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே விளங்க இரண்டு வருடம் எடுத்தது. சத்தம் இல்லாத இடம் ஒன்று வேண்டியிருந்தது, பிள்ளை. எந்த விருந்துக்கு எந்தச் சீலை, யாருடைய மகனுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்காத இரண்டு மணித்தியாலம்.

இங்கே ஸ்கி என்று சொன்னால் சனத்துக்கு விளங்குவது ஒன்றுதான்: விமானம் ஏறி பிரான்ஸுக்கோ ஒஸ்திரியாவுக்கோ போய், கயிற்றில் தொங்கி மேலே ஏறி, கீழே பாய்வது. நான் அதைக் கேட்கவில்லை, காட்டுக்குள் காலால் தள்ளித் தள்ளிப் போகிற லங்ரென் என்று எப்படி விளங்கப்படுத்துவது? குறோஸ் கன்ட்றி என்று சொல்லிப் பார்த்தேன், வேலையிடத்தில் ஒருத்தி ஓட்டப்பந்தயம் என்று நினைத்துவிட்டாள். பிறகு ஒருநாள் ஹைட் பார்க்கில் சின்னச் சில்லுப் பூட்டிய ஸ்கியில், கையில் தடியோடு, தார் ரோட்டில் போகிற கூட்டம் ஒன்றைக் கண்டேன். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தோள் அசைவு, அந்தத் தள்ளல், அதே தாளம். அவர்களில் ஒருவரை மறித்துக் கேட்டபோதுதான் கதை முழுக்கத் தெரிந்தது. இந்த நாட்டில் இதற்கென்று ஊர் ஊராகச் சின்னச் சின்னக் கழகங்கள், பனி இல்லாத மாதங்களில் சில்லில் ஓடிக்கொண்டு, பனி விழுந்த செய்தி கேட்டதும் வடக்கே காரைத் திருப்புகிற மனிதர்கள். ஸ்கொட்லாந்தில் அபடீனுக்கு அந்தப் பக்கம் ஹண்ட்லி என்கிற ஊரில் இதற்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது, பனி இருந்தால் பக்கத்துக் கிளாஷிண்டாரொக் காட்டுக்குள் தடம் போட்டுக் கொடுப்பார்களாம். பனி இருந்தால். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த இரண்டு சொல் நிற்கிறது.

போன வருடம் மாசியில் முதல் தரம் போனேன், உனக்குச் சொல்லவில்லை. யூஸ்டனில் இரவு ஒன்பது மணிபோல் இன்வெர்னஸ் போகிற நித்திரை ரயில் எடுத்து, படுக்கைக்குக் காசு கொடுக்க மனம் வராமல் கதிரையில் கூனிக் குறுகி இருந்து, விடிய ஸ்கொட்லாந்து மலைப்பக்கத்து ஊரான அவிமோரில் இறங்கினால் மழை. இரவோடு இரவாக எல்லாம் கரைந்துவிட்டது. ஸ்கி வாடகைக்குக் கொடுக்கிற மனிசன் என்னைப் பார்த்து, "நேற்று வந்திருக்க வேண்டும்" என்றார். வந்த கோபத்துக்கு ஒரு கோப்பி குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினேன். அப்பாவிடம் அகதிமுகாம் சிநேகிதி வீட்டுக்குப் போனேன் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பொய்யை இந்த வருடம்தான் திருத்தினேன்.

இந்தத் தரம் கெட்டித்தனமாகச் செய்தேன். நாள் குறிக்கவில்லை, பையை மட்டும் கட்டி வைத்துக்கொண்டு மலை வானிலையைத் தினமும் பார்த்தேன், ஜனவரி இரண்டாம் கிழமை வடக்கில் இருந்து காற்றுத் திரும்பியதும் சித்தப்பாவின் சின்னவளையும் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். அவள் ஹரோவில் பிறந்தவள், பனியைப் படத்தில் பார்த்ததே கூட. அவிமோரில் இருந்து கிளென்மோருக்கு பஸ் இருக்கிறது. வாடகை ஸ்கி எல்லாம் வேக்ஸ் தேவையில்லாதவை, அடியில் மீன் செதில் போல வெட்டு வெட்டாக இருக்கும், முன்னுக்கு வழுக்கும், பின்னுக்குப் போகாமல் பிடிக்கும். கையால் தடவிப் பார்த்தேன். எத்தனை வருடம் மீன் செதில் தடவிய கை.

அங்கே மெஷின் ஓடி இரண்டு கோடு போட்ட தடம் என்று நினைத்துக்கொண்டு வராதே. எங்களுக்கு முன்னால் போனவர்களின் சறுக்கல்தான் தடம், ஓரத்தில் ஹெதர்ச் செடி தலையை நீட்டிக்கொண்டு நிற்கும், வளைவில் கல் வரும், காலைத் தூக்கித் தாண்ட வேண்டும். ஆனால் மொர்லிக் ஏரிப் பக்கமாகக் காட்டுக்குள் நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். அந்த மணம். சிவந்த பட்டை உரிகிற அந்த மரம், ஸ்கொட்ஸ் பைன் என்று இவர்கள் சொல்வது வேறொன்றும் இல்லை, நாங்கள் ஃபுரு என்று சொல்வோமே, அதே மரம்தான். லில்லுமார்க்காவில் நீ கட்டிப்பிடித்து நின்று மூச்சு வாங்குவாயே, அதே மரம். சின்னவள் பின்னால் இருந்து, "பெரியம்மா, என்ன நடந்தது?" என்று கேட்டாள். மூக்கு ஒழுகுது என்று சொன்னேன்.

இன்னொன்று கேள். கிளென்மோரில் நோர்வே வீரர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் நீ இரண்டு இரவு நித்திரை முழித்து எழுதினாயே, 1943 மாசியில் நோர்வேயின் வெமோர்க்கில் கனநீர்த் தொழிற்சாலையைத் தகர்த்தவர்கள் என்று, அந்த லிங்க கொம்பனி என்கிற நோர்வேப் படைப்பிரிவுக்காரர் போர்க்காலத்தில் பயிற்சி எடுத்த மலை இதுதான். நோர்வேயை விட்டு வந்து, நோர்வே போல ஒரு இடம் தேடிப் பிடித்தவர்கள் எனக்கு முன்னாலேயே இருந்திருக்கிறார்கள். இன்னும் ஒருவர், மீக்கெல் உட்சி, சுவீடன் பக்கத்தில் கலைமான் மேய்க்கிற 'சாமி' என்கிற இனத்து மனிதர். போர் முடிந்த பிறகு இங்கே வந்தவர் இந்த மலையைப் பார்த்ததும் கலைமானுக்குத் தோதான இடம் என்று கண்டுபிடித்துவிட்டார், 1952 இல் கொண்டுவந்தும் விட்டார். அந்த மந்தையின் வழி இன்னும் மேய்கிறது. நான் பார்த்தபோது ஒன்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பனியைக் காலால் கிண்டத் தொடங்கியது. ஃபின்மார்க் கலைமானுக்கும் இதே அலட்சியம்தான்.

மூன்றாம் நாள் ரைவோன் வரை போனோம், கிளென்மோரில் இருந்து நாலு கிலோமீற்றர் வரும். வழியில் ஒரு பச்சைக் குளம், தேவதைகள் உடுப்புத் தோய்த்ததால் பச்சையாகிவிட்டதாம், நாங்கள் போனபோது அது வெள்ளையாக உறைந்து கிடந்தது. பாதி தூரம் ஸ்கியைக் கழற்றித் தோளில் வைத்து நடந்தோம், அதையும் சொல்லிவிட வேண்டும். முடிவில் வெட்டையில் தனியாக ஒரு கல்வீடு. இதைத்தான் இங்கே பொத்தி என்கிறார்கள். வாழைப்பொத்தி சமைக்கிற வாய்க்கு அது எப்படி இருக்கும், நானும் சின்னவளும் வழி முழுக்கச் சிரித்தோம். நோர்வேயில் மலைக்குடில் என்றால் திறப்பு வாங்க வேண்டும், அலுமாரியில் சாப்பாடு இருக்கும், மெத்தை இருக்கும், காசு கட்டவேண்டும். இங்கே ஒன்றும் இல்லை. பூட்டு இல்லை, காசு இல்லை, பதிவு இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, கக்கூஸ் இல்லை. மூலையில் ஒரு மண்வெட்டி நிற்கும், அது எதற்கு என்று உனக்கு விளங்கும். 1965 இல் தொடங்கிய ஒரு சங்கம், தொண்டர்கள்தான், இப்படி நூறு வீட்டுக்கு மேல் கூரை போட்டுக் கதவு செப்பனிட்டுக் காக்கிறார்கள். அன்று உள்ளே வயதான ஒரு ஸ்கொட்லாந்து அம்மாவும் அவவுடைய நாயும். பிளேன்ரீயும் பருத்தித்துறை வடையும் கொடுத்தேன். லேசில் கெடாத, பைக்குள் நசிந்தாலும் சுவை போகாத சாமான், மலைக்கென்றே சுட்டது போல. உறைப்புக்குக் கண்ணால் தண்ணீர் வர வர நாலு சாப்பிட்டா.

ஸ்கொட்லாந்தில் 2003 இல் சட்டம் போட்டு, பொறுப்பாக நடந்தால் எங்கேயும் நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள், நோர்வேயின் 1957 ஆம் ஆண்டுச் சட்டம் மாதிரித்தான். இங்கிலாந்தில் அப்படி இல்லை. கூடாரம் அடிக்க நிலத்துக்காரனிடம் கேட்க வேண்டும், டார்ட்மூர் என்கிற மேட்டுநிலத்தில் மட்டும் விதிவிலக்கு, அதற்கும் 2025 இல் உச்ச நீதிமன்றம் வரை போய் வெல்ல வேண்டியிருந்தது. மலையில் ஒரு இரவு படுக்க வழக்கா என்று எனக்கு ஆச்சரியம்.

அப்பா பயப்படுகிற மாதிரி நான் உயரத்துக்குப் போகவில்லை, போகவும் மாட்டேன். அங்கே மேலே நிற்கிற கெயார்ன்கோர்ம் மலையின் உச்சி 1245 மீற்றர்தான், நோர்வேக்காரருக்கு அது குன்று. ஆனால் 1986 இல் அங்கே மணிக்கு 173 மைல் வேகத்தில் காற்று அடித்திருக்கிறது. பனிச்சரிவு எச்சரிக்கை தினமும் போடுவார்கள், வாசிக்காமல் மேலே ஏறக்கூடாது. நேரத்தோடேயே இருட்டிவிடும், தலையில் கட்டுகிற லைற் கட்டாயம். நீ ட்ரொண்ட்ஹைமில் எல்லாம் தெரிந்தவள் என்று இங்கே அசட்டையாக வராதே.

வருவாய் என்றே எழுதிக்கொண்டு போகிறேன் பார். உன் பள்ளிக்கூடத்துக் குளிர்கால விடுமுறை மாசி நடுவில் வருகிறது, இல்லையா? லண்டனுக்கு வந்து சோபாவில் கிடப்பதை விட நேராக எடின்பரோவுக்கு ரிக்கெட் போடு, நான் ரயிலில் வந்து சேருகிறேன். ஒரு இரவு ரைவோனில் படுப்போம், சின்னவளும் வருகிறாளாம், விறகு, மெழுகுதிரி, சோறு எல்லாம் என் பொறுப்பு. உன் நிலவறை அறையில், வலப்பக்கம், பழைய தொட்டிலுக்குப் பின்னால் என் ஸ்கி நிற்கிறது, நீளம் 190 சென்ரிமீற்றர், நுனியில் சிவப்பு நாடா சுற்றியது. விற்றுவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. சப்பாத்து 38, அதற்குள் எலி கூடு வைத்ததா என்று பார்.

வேக்ஸில் சிவப்பும் ஊதாவும் கொண்டு வா, ஒரு ரியூப் க்ளிஸ்டரும், அந்தப் பசை மாதிரி வேக்ஸ். இங்கே பகலில் உருகி இரவில் உறைகிற பனிக்கு அதுதான் நிற்கும். பலாப்பால் போலக் கையெல்லாம் ஒட்டும், பரவாயில்லை, தேங்காயெண்ணெய் நான் கொண்டு வருகிறேன். நீலம் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா