எங்கள் கணினியில் உங்கள் லோகோ

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
கணினி விற்பனை மற்றும் சர்வீஸ் நிறுவனம்,
வேலூர்.

பொருள்: சர்வீஸுக்குக் கொடுத்த கணினியில் எங்கள் நால்வரின் அக்கவுண்ட் படங்களையும் மறைத்து உங்கள் லோகோவைப் போட்டது தொடர்பாக.

ஐயா,

பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 512 ஜிபி எஸ்எஸ்டி போடுவதற்காக எங்கள் வீட்டுக் கணினியை உங்களிடம் கொடுத்தேன். அந்த வேலையில் குறை இல்லை. ஃபைல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, கணினியும் வேகமாகத் திறக்கிறது. உங்கள் டெக்னீஷியனுக்கு நன்றி சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் முதலில் வரும் பூட்டுத் திரையில் உங்கள் கடை விளம்பரம். மழைக்குப் பிறகு கோட்டை அகழி நிரம்பியிருந்தபோது என் மகன் எடுத்த படம்தான் முன்பு அங்கே இருந்தது. அதைத் தாண்டிப் போனால் நான்கு பேரின் அக்கவுண்டிலும் ஒரே நீல வட்டம், உள்ளே ஸ்க்ரூடிரைவர், கீழே உங்கள் போன் நம்பர்.

என் அம்மாவுக்கு 71 வயது. குடியாத்தத்துக்காரர். பள்ளிக்கூடம் போனதில்லை, எழுத்துக் கூட்டத் தெரியாது. வைகாசி முதல் நாள் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் எடுத்த அம்மன் முகத்தைத்தான் அவர் அக்கவுண்டுக்குப் படமாக வைத்திருந்தோம். பாஸ்வேர்டு கிடையாது. திரையின் இடது ஓரத்தில் அம்மன் முகம் தெரிந்தால் மவுஸை அங்கே கொண்டுபோய் ஒரு தட்டு, அவ்வளவுதான். மஸ்கட்டில் இருக்கும் என் தம்பியிடம் வீடியோ காலில் பேச அவர் கற்றுக்கொண்ட வழி அது ஒன்றே. கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது.

அன்று ராத்திரி அவர் நாற்காலியில் உட்கார்ந்து, நான்கு நீல வட்டத்தின் மேலும் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தார். "இன்னாடா இது, அம்மனைக் காணோம்?" என்று என்னைக் கேட்டார். மறுநாள் நாங்கள் வெளியே போயிருந்தபோது ஒரு வட்டத்தைத் தட்டியிருக்கிறார். அது என் அக்கவுண்ட், பாஸ்வேர்டு கேட்டது. எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து ஸ்விட்சையே அணைத்துவிட்டார். தம்பி அழைத்தபோது எடுக்க ஆளில்லை. அதன் பிறகு அவர் கணினிப் பக்கம் வரவே இல்லை.

செட்டிங்ஸில் மாற்றப் பார்த்தோம், முடியவில்லை. பூட்டுத் திரைப் பகுதியில், ஆபீஸ் கணினியில் வருவது போல, "இதை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று வருகிறது. வீட்டுக் கணினியில் அப்படி ஒரு வரி வரக் காரணமே இல்லை. காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கும் என் மகன், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து பார்த்தான். எல்லாருக்கும் ஒரே படம் காட்டச் சொல்லும் யூஸ்டிஃபால்ட்டைல் என்ற மதிப்பு 1 என்று வைக்கப்பட்டிருக்கிறது, பொதுப் படம் இருக்கும் இடத்தில் உங்கள் லோகோ. ஆபீஸ்களில் நூறு கணினியை ஒரே மாதிரி வைக்கப் பயன்படும் வசதி இது. எங்கள் பழைய படங்கள் அழியவில்லை, பப்ளிக் ஃபோல்டரில் அப்படியே கிடக்கின்றன. ஆக, இது தவறுதலாக நடந்தது அல்ல, தெரிந்தே செய்தது. எஸ்எஸ்டி மாற்றத்தான் அட்மின் பாஸ்வேர்டை உங்களை நம்பிக் கொடுத்தேன். விளம்பரம் ஒட்டுவதற்கு அல்ல.

உங்கள் கவுன்டரில் கேட்டதற்கு, "எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடறோம், எடுக்கணும்னா 350 ரூபாய்" என்றார்கள். நாங்களே எடுத்தால் எஸ்எஸ்டி வாரண்டி போய்விடுமாம். அதனால்தான் மகனைக் கை வைக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். திரையில் இருக்கும் படத்துக்கும் எஸ்எஸ்டி வாரண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன், பதில் இல்லை.

எங்கள் படங்களை மறைத்த அந்த அமைப்பையும் பூட்டுத் திரை விளம்பரத்தையும் பணம் வாங்காமல் எடுத்துத் தர வேண்டும். ஆளை வீட்டுக்கு அனுப்புங்கள், கணினியை மறுபடி தூக்கிக்கொண்டு வர மாட்டேன். இதனால் வாரண்டி பாதிக்காது என்று உங்கள் லெட்டர்ஹெட்டில் எழுதித் தர வேண்டும். இனி எந்த வாடிக்கையாளர் கணினியிலும் கேட்காமல் லோகோ போடுவதை நிறுத்த வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் என் வீட்டில் மட்டும் இல்லை.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் சேவைக் குறைபாடு என்று புகார் கொடுப்பேன். பில்லின் நகலும் இரண்டு திரைகளின் போட்டோவும் இணைத்துள்ளேன்.

ஆள் வரும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து, அம்மன் படம் திரும்ப வருவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்