நீற்றறைப் பாட்டுக்குப் பொருள் சொன்ன அம்மையாருக்கு

சென்ற மார்கழியில் என் கணவர் 11 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது, வெளியே இருந்த பெஞ்சில் என் பக்கத்தில், தையல் பிரிந்த தேவாரப் புத்தகத்தை மடியில் விரித்து அமர்ந்திருந்த அம்மையாரே, தங்களுக்கு என் நன்றி. தங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளக்கூட அன்று எனக்குத் தோன்றவில்லை.

நீற்றறையில், அதாவது சுண்ணாம்புச் சூளையில், 7 நாட்கள் அடைக்கப்பட்ட அப்பர் 'மாசில் வீணையும்' பாடினார் என்பதைப் பள்ளி நாளிலிருந்தே அறிவேன். நெருப்பு குளிர்ந்த அற்புதம் என்றுதான் நினைத்திருந்தேன். தாங்களோ, வீணை செவிக்கு, மதியம் கண்ணுக்கு, தென்றல் மெய்க்கு என்று விரல் மடக்கி எண்ணிக்காட்டி, சூளை என்பது கொதிக்கும் மனந்தான், புலன்கள் உள்ளே திரும்பினால் வண்டு முரலும் பொய்கையும் அதே அறைக்குள் இருக்கும் என்றீர்கள். பாட்டின் முடிவில் ஈசன் திருவடியின் நிழலைச் சொல்லும் 'நீழல்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, வெயில் இல்லாமல் நிழல் ஏது என்று கேட்டீர்கள். உரைகாரர்கள் இவ்வளவு தூரம் போவார்களோ என்னவோ, எனக்கு அன்று அதுவே போதுமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் இரவு, அந்த நான்கு அடிகளை முணுமுணுத்தபடியே முதன்முறையாக உறங்கினேன். கணவர் இப்போது கைத்தடியின்றி நடக்கிறார். தாங்கள் யாருக்காக அங்கே காத்திருந்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. அது இன்றும் உறுத்துகிறது.