உன் மகளின் ஆராய்ச்சித் தலைப்பு பற்றி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி, மாடி வீட்டுக்காரர் சண்டை எல்லாவற்றையும் போனில் பேசிக்கொள்ளலாம். உன் மகள் விஷயத்துக்கு நேராக வருகிறேன். ஆபத்து மிகுந்த கர்ப்பங்களைப் பார்க்கிற இரண்டு வருட ஃபெல்லோஷிப் மேற்பயிற்சி, வார்டு வேலையே கழுத்தை நெரிக்கிறது, இதில் ஆராய்ச்சி வேறு எதற்கு என்று கேட்டிருக்கிறாய்.

நம் காலத்து தீசிஸை மனதில் வைத்துக்கொண்டுதானே கேட்கிறாய்? தலைப்பு கைடு கொடுப்பார், கேஸ் ஷீட்டைப் புரட்டி எண்களை அள்ளுவோம், ஒருவரிடம் பணம் கட்டினால் பி வேல்யூ என்று புள்ளியியல் கணக்குப் போட்டுத் தருவார், கறுப்பு பைண்டில் பொன்னெழுத்து. அந்தக் கேள்வி யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அது வேண்டாம்தான். ஆனால் இந்தத் துறைக்கு வருகிறவளுக்கு நிஜமான பயிற்சி இல்லாமல் முடியாதுடி. கர்ப்பிணிகளை மருந்து ஆய்வுகளில் சேர்ப்பதே அபூர்வம். கோவிட் தடுப்பூசிக்குக்கூட முதல் பெரிய ஆய்வுகளில் அவர்களை ஒதுக்கித்தான் வைத்தார்கள். நாம் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை.

குறைமாதப் பிரசவம் என்றதும் கை தானாகப் போகிறதே, குழந்தையின் நுரையீரல் பக்குவப்படத் தாய்க்குப் போடுகிற ஸ்டீராய்டு ஊசிக்கு, அதன் கதையை அவளுக்குச் சொல். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் ஆட்டுக்குட்டிகளை வைத்து வேறெதையோ தேடிக்கொண்டிருந்தார், பிரசவம் எதனால் தொடங்குகிறது என்று. ஸ்டீராய்டு போய்ச் சேர்ந்த ஒரு குறைமாதக் குட்டி, பிழைக்கவே கூடாத நிலையில் மூச்சு விட்டது. அதை விடாமல் பிடித்துக்கொண்டு, ஹவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து 282 தாய்மாரிடம் சோதித்து 1972இல் வெளியிட்டார். உலகம் முழுக்க வழக்கத்துக்கு வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது, அது ஒரு தனிக் கொடுமை.

ஆனால் எனக்கு முக்கியம் அதற்கப்புறம் நடந்தது. பணக்கார ஊர்களில் பலித்த ஊசியை இந்தியா உட்பட ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில் பரவலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வந்தபோது எல்லோருக்கும் அதிர்ச்சி: மிகச் சிறிய குழந்தைகளின் சாவு குறையவில்லை, மொத்தமாகப் பார்த்தால் பச்சிளங்குழந்தை மரணம் கூடியிருந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் நிறையப் பேர் கடைசியில் நிறைமாதத்தில்தான் பெற்றார்கள். அப்புறம் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், ஸ்கேனில் கர்ப்ப வாரத்தை உறுதிசெய்துகொண்டு, ஓரளவு வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் 2852 பெண்களிடம் மறுபடி செய்தது. 2020இல் வந்த முடிவில் பச்சிளங்குழந்தை மரணம் 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆக இறங்கியிருந்தது. ஊசி ஒரே ஜாதிதான். எந்த வாரம், எந்த இடம் என்பதுதான் பேதம்.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஏற்காடுதான் ஞாபகம் வந்தது. மலை கிராமத்து அம்மாவிடம் கடைசி மாதவிலக்குத் தேதி கேட்டால், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு முன்னால் என்பாள், இல்லாவிட்டால் காப்பிப்பழம் பறித்துக்கொண்டிருந்தபோது என்பாள். அவள் சொல்வது சரிதான், நமக்குத்தான் அதை வாரமாக மாற்றத் தெரியாது. முதல் மூன்று மாத ஸ்கேன் இருந்தால் ஒரு வாரம் முன்னே பின்னே துல்லியமாகச் சொல்லிவிடலாம். கடைசி மாதங்களில் முதல் ஸ்கேன் எடுத்தால் மூன்று வாரம்கூடத் தவறலாம். 33 வாரமா 36 வாரமா என்று தெரியாமல் அந்த ஊசியை என்ன நம்பிக்கையில் போடுவது? ஸ்கேனுக்கென்று இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வரவேண்டுமானால் ஒரு நாள் கூலி போகும். கோடை விழா சமயமென்றால் கேட்கவே வேண்டாம், சுற்றுலா கார்களுக்கு நடுவே 108 வண்டியே திணறும்.

இதுதான் உன் மகளுக்கு என் யோசனை. குறைமாதத்தில் கீழே அனுப்பப்படுகிற மலை அம்மாக்களில் எத்தனை பேர் கையில் ஆரம்ப ஸ்கேன் இருக்கிறது, ஊசி எங்கே போடப்பட்டது, பிரசவம் அதற்கு எத்தனை நாள் கழித்து? பளபளப்பான தலைப்பு இல்லை. மருத்துவ ஆய்விதழ்க்காரர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் பதில் கிடைத்தால் ஏதாவது ஒன்றை மாற்றலாம்.

நேரம் இல்லை என்று அவள் சொல்வது நியாயம். அமெரிக்காவில் இதே படிப்பு மூன்று வருடம், அதில் ஆராய்ச்சிக்கென்றே ஒரு பங்கு ஒதுக்கிவைக்கிறார்கள். இங்கே நைட் டூட்டிக்கும் காலை ரவுண்ட்ஸுக்கும் நடுவே செய்யச் சொல்கிறோம். வாரத்தில் ஒரு அரை நாளாவது எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல், வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. புள்ளியியல் தெரிந்தவரைக் கடைசியில் தேடாமல் முதலிலேயே பார்க்கட்டும், எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு அப்போதுதான் உதவும். சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆன்லைன் பாடத்தை எம்.எஸ். சமயத்திலேயே முடித்திருப்பாள், சான்றிதழுக்காகப் பார்த்திருந்தால் இன்னொரு தடவை பார்க்கட்டும்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம். பின்னால் எப்போதாவது ஊசி, மருந்து என்று சோதனை செய்ய வந்தால், வலியில் துடிக்கிறவளிடம் கைநாட்டு வாங்கி அதைச் சம்மதம் என்று சொல்லக்கூடாது. செக்கப்புக்கு வரும்போதே, கூட வந்த மாமியாருக்கும் புரிகிற மாதிரி, வேண்டாமென்றாலும் அதே வைத்தியம்தான் என்று சொல்லவேண்டும். அப்படிப்பட்ட ஆய்வானால் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் ஆகியிருக்கவேண்டும்.

இப்போதைக்கு ஒரு பக்கத்தில் கேள்வியை எழுதி எனக்கு அனுப்பட்டும், திருத்தித் தருகிறேன். நெறிமுறைக் குழு ஒப்புதல் வந்த பிறகு, பதிவேடு பார்க்க மாவட்ட சுகாதார அலுவலரிடம் அனுமதிக் கடிதம் வேண்டும், அதற்கு யாரைப் பார்ப்பது என்று சொல்கிறேன். மலையில் தங்க இடம் என் பொறுப்பு. நீயும் கூட வாயேன், மல்கோவா முடிவதற்குள்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்
சேலம்