வண்டி நிற்கிறது, வட்டி ஓடுகிறது

பழைய கார்களுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனங்களை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். எந்த ஒரு நிறுவனத்தின் பெயரையும் போட்டு இதை எழுதவில்லை. எனக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு ஏற்கெனவே எழுதிப் பார்த்தாயிற்று. வந்த பதிலைப் பார்த்தால், உங்களில் யாருக்கு எழுதியிருந்தாலும் இதே வரிகள்தான் வந்திருக்கும் என்று தோன்றுகிறது: "கடன் ஒப்பந்தம் உங்களுக்கும் எங்களுக்கும் இடையிலானது. வாகனத்தின் தரம் குறித்து விற்பனையாளரை அணுகவும்." அணுகினேன். "பணம் முழுசா செட்டில் ஆயிடுச்சு சார், இனிமே நாங்க என்ன பண்றது?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. முழுத் தொகையும் ஒரே நாளில் அவர் கணக்குக்குப் போய்விட்டது. போட்டது நீங்கள்.

அதனால் உங்களிடமே பேசுகிறேன்.

வண்டியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாங்கிய கொஞ்ச நாளிலேயே இன்ஜின் சூடாக ஆரம்பித்தது. தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள், மறுபடி சூடானது. வாட்டர் பம்பை மாற்றினார்கள். அப்புறமும் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் குறைந்துகொண்டே வந்தது, தரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல். கடைசியில் ஒரு மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருந்த வெளிறிய பழுப்புப் பசையைக் காட்டினார். இதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது என்று, ரேடியேட்டர் வாயில் ஒரு சின்னக் குழாயை வைத்து நீலத் திரவத்தை ஊற்றி இன்ஜினை ஓடவிட்டார். திரவம் மஞ்சளாக மாறியது. எரிந்த புகை கூலண்டுக்குள் கலக்கிறது என்று அர்த்தம். ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு, போயிருக்கிறது, அதோடு எத்தனை நாள் ஓட்டினார்களோ, ஹெட்டும் வளைந்திருக்கலாம் என்றார். அதைச் சரி செய்து வெளியே எடுத்தால் கியர்பாக்ஸ் தன் பங்குக்கு உதற ஆரம்பித்தது. இப்போது கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. தவணை மட்டும் தேதி தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த நீலத் திரவச் சோதனையைக் கொஞ்சம் கவனியுங்கள். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், இன்ஜினைப் பிரிக்கவும் வேண்டாம். சில நிமிட வேலை. கடன் தொகையை விடுவிப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் அதைச் செய்திருந்தால், நான் இந்த மடலை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

"வாங்குகிறவர்தானே பார்த்து வாங்க வேண்டும்?" என்பீர்கள். சரி, வாங்குகிறவர் எதைப் பார்க்க முடியும்? பெயின்ட், டயர், சீட், ஏசி. அப்புறம் ஒரு சின்ன டெஸ்ட் டிரைவ். போய்ச் சேரும்போதே இன்ஜின் இளஞ்சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கேட்கும் சத்தம் எதுவும் கேட்காது. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாது. ஏனென்றால் ஒரு சாதாரண ஸ்கேனரைச் செருகிப் பிழைக் குறியீடுகளை அழித்துவிட்டால், பழுது மறுபடி பதிவாகும் வரை விளக்கு அணைந்தே இருக்கும். ஆனால் அழித்த தடயம் வண்டிக்குள்ளேயே கிடக்கும். குறியீடுகளை அழிக்கும்போது, வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் அமைப்புகளின் நிலையும் சேர்ந்து அழிந்து "இன்னும் தயாராகவில்லை" என்றாகிவிடும். பல விதமாக, பல கிலோமீட்டர் ஓட்டினால்தான் அது பழைய நிலைக்கு வரும். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் விற்கப்பட்ட கார்களில், வண்டியின் பழுதுப் பதிவுகளைப் படிக்க உதவும் ஓபிடி-2 இணைப்பு கட்டாயம். மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அந்தச் செருகுவாயில் ஸ்கேனரை மாட்டத் தெரிந்த எவரும், நேற்றோ முந்தாநாளோ யாரோ இதைத் துடைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். கார் வாங்கப் போகிறவர் ஸ்கேனரோடு போவதில்லை. ஆனால் நீங்கள் ஓர் ஆளை அனுப்பினீர்களே, அவர் ஏன் கொண்டுபோகவில்லை?

ஆமாம், ஆள் வந்தார். மதிப்பீட்டாளர். நான்கு பக்கமும் படம் எடுத்தார், சேஸிஸ் எண்ணைப் படம் எடுத்தார், ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டார், போய்விட்டார். அவர் செய்த வேலையில் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி "இந்த வண்டி ஓடுமா?" என்பதில்லை. "நாளைக்கு இதைப் பிடித்துக்கொண்டுபோய் விற்றால் எவ்வளவு வரும்?" என்பதுதான். கேள்வி அதுவாக இருக்கும்போது பதிலும் அப்படித்தான் இருக்கும். செலவை மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டீர்கள். அறிக்கையின் நகலைக் கேட்டால், அது அலுவலக உபயோகத்துக்கு மட்டும் என்கிறார்கள். என் காரைப் பற்றி, என் காசில் எழுதப்பட்ட அறிக்கை!

கடன் வேறு, வண்டி வேறு என்கிறீர்கள். கையெழுத்து வாங்கிய அன்று இரண்டும் ஒன்றாகத்தானே இருந்தன? வண்டிதான் அடமானம். பதிவு ஆவணத்தில் உங்கள் உரிமை ஏற வேண்டும். இன்ஷூரன்ஸில் உங்கள் பெயர் வர வேண்டும், அது ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. (அந்த இன்ஷூரன்ஸ் விபத்துக்கும் திருட்டுக்கும்தான், இன்ஜின் தானாகப் பழுதானால் பொதுவாக அதில் ஒன்றும் கிடைக்காது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். பலர் ஒர்க்‌ஷாப் வாசலில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.) உங்கள் அனுமதியில்லாமல் காரை விற்க முடியாது. தவணை நின்றால் முதலில் தூக்கிக்கொண்டு போவதும் அதே காரைத்தான். இவ்வளவுக்கும் சேர்ந்தே இருந்த வண்டியும் கடனும், ஹெட் கேஸ்கெட் போனதும் எப்படிப் பிரிந்தன?

"பிடிக்கவில்லையென்றால் விற்றுவிட்டுக் கடனை அடைத்துவிடுங்களேன்" என்று உங்கள் வாடிக்கையாளர் சேவையில் ஒரு தம்பி நல்ல மனதோடுதான் சொன்னார். அவருக்காகவே ஒரு கணக்கு. கடன் 100 என்று வைத்துக்கொள்வோம். 5 ஆண்டு, குறையும் இருப்புக்கு, அதாவது கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும், 15 சதவீத வட்டி. முதல் ஆண்டு முழுக்க ஒழுங்காகக் கட்டினால் கையைவிட்டுப் போவது ஏறத்தாழ 28.5. ஆண்டு முடிவில் பாக்கி இன்னும் 85.5. கட்டியதில் பாதி வட்டிக்கே போய்விட்டது. அந்தப் பன்னிரண்டு மாதத்தில் கார் ஒரு வயது கூடி விலை இறங்கியிருக்கும். இன்ஜின் பிரித்த வண்டி என்றால் கேட்கிற விலையைச் சொல்லவே வாய் வராது. ஆக, விற்றால் கடன் அடையாது. அடைக்காமல் விற்கவும் முடியாது. விற்பதற்காகப் பழுது பார்க்கலாம் என்றால், அந்தப் பணம் தவணைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சாவியை உங்களிடமே திருப்பிக் கொடுத்தால்? ஏலத்தில் போன விலையைக் கழித்துக்கொண்டு மீதியை என்னிடமே கேட்பீர்கள், கடன் மதிப்பெண்ணும் விழும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

வட்டியைப் பற்றி ஓர் இடைச்செருகல். கடைகளில் "8 சதவீதம்தான்" என்று சொல்லும்போது பல சமயம் அது ஃபிளாட் வட்டி, அதாவது பாக்கி குறைந்தாலும் கடைசி வரை முழுக் கடன் தொகைக்கும் போடுகிற வட்டி. 5 ஆண்டுக் கடனுக்கு 8 சதவீத ஃபிளாட் என்றால், குறையும் இருப்புக் கணக்கில் அது கிட்டத்தட்ட 14 சதவீதம். இது எந்த ரகசியமும் இல்லை, ஆனாலும் விற்கிற மேசையில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கூடுதல் வாரண்டி என்று ஒன்றையும் கடனோடு சேர்த்துத் தந்தார்கள். அதற்கும் வட்டி கட்டுகிறேன். பயன்படுத்தப் போனால், தேய்மானத்தால் வந்த பழுதுக்குப் பொருந்தாது என்கிறார்கள். பழைய காரில் தேயாத பாகம் எது? பழுது என்ன என்று உறுதி செய்ய இன்ஜினைப் பிரிக்க வேண்டும், பிரிக்கும் கூலியை முதலில் நான் தர வேண்டும், அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் திரும்பி வரும். இதைப் பற்றி மேலே எழுதினால் மடல் வேறு பக்கம் போய்விடும்.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்கு வண்டியின் நிலை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் தருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் விலகிக்கொள்வார், சந்தையில் ஓட்டை வண்டிகள் பெருகும் என்பது அதன் சாரம். முதலில் அனுப்பிய இதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. 2001இல் அதே சிந்தனைக்காக அவருக்கு நோபல் பரிசு, மைக்கேல் ஸ்பென்ஸோடும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸோடும் சேர்த்து.

அந்தக் கதையில் இருப்பவர்கள் இரண்டு பேர்தான். இன்று மூன்றாவதாக நீங்கள் இருக்கிறீர்கள், நடுவில், எங்கள் எல்லாரையும்விட அதிகம் தெரிந்துகொள்ளக்கூடிய இடத்தில். நான் வாழ்நாளில் நாலைந்து கார் வாங்கினால் அதிகம். உங்கள் கோப்பிலோ ஒவ்வொரு கடனுக்கும் எந்த விற்பனையாளர், எந்த மாடல், எந்த ஆண்டு என்று இருக்கிறது. எந்தக் கடையிலிருந்து வந்த வண்டிகளுக்குச் சீக்கிரமே தவணை தடுமாறுகிறது என்று பார்க்க உங்களுக்கு ஒரு பிற்பகல் போதும். பார்த்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள் என்பதுதான் என் கேள்வி. அந்தக் கடைக்குக் கதவை மூடினீர்களா, அல்லது அங்கிருந்து வருகிறவர்களுக்கு வட்டியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுத் தொடர்ந்தீர்களா? அந்த விற்பனையாளருக்குக் கமிஷன் போகிறதென்றால், இதற்கான பதிலை என்னால் ஊகிக்க முடிகிறது.

கடன் கொடுத்தவருக்கும் வண்டியின் தரத்தில் பொறுப்பு உண்டு என்பது நான் இட்டுக்கட்டிய கோரிக்கை இல்லை. அமெரிக்காவில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1975இல் கொண்டுவந்த விதி ஒன்று இருக்கிறது. விற்பனையாளரே ஏற்பாடு செய்து தரும் கடனில், விற்றவர் மீது வாங்கியவருக்கு என்னென்ன வாதங்கள் உண்டோ அவை எல்லாம் அந்தக் கடனை வைத்திருப்பவர் மீதும் செல்லும் என்று ஒப்பந்தத்திலேயே அச்சிட வேண்டும். திரும்பக் கிடைப்பது, கட்டிய தொகைக்கு மேல் போகாது. பிரிட்டனில் ஹையர் பர்சேஸ் முறையில் வாங்கினால், கடைசித் தவணை வரை சட்டப்படி சொந்தக்காரர் நிதி நிறுவனம்தான். அதனால் வண்டி திருப்தியான தரத்தில் இருக்க வேண்டிய பொறுப்பும் அதன் தலையில்தான். மோசமான பழுது என்றால் முதல் 30 நாளுக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுத்தபோதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும், இல்லையென்று நிரூபிப்பது மறுதரப்பின் வேலை. இந்த விதிகள் வந்ததால் அந்த நாடுகளில் கார் கடன் நின்றுபோய்விடவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் நீங்களாகவே இதில் பாதியையாவது செய்ய என்ன தடை?

நான் எதிர்பார்ப்பதில் முக்கியமானது ஒன்றுதான்: விற்பனையாளருக்கு முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுக்காதீர்கள். ஒரு பகுதியை மூன்று மாதம் பிடித்து வையுங்கள். அந்தப் பணம் வர வேண்டுமே என்ற நினைப்பு இருந்தால் அவரே ஸ்கேனர் போடுவார், அவரே கூலண்டைச் சோதிப்பார், என் போனையும் எடுப்பார். வாங்குகிறவருக்கு ஆயிரம் அறிவுரை சொல்வதைவிட இது வேலை செய்யும். அதோடு, விற்பனையாளரிடம் காசு வாங்காத மெக்கானிக் ஒருவரின் சோதனை அறிக்கை, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், கடன் வாங்குகிறவர் கையில் இருக்க வேண்டும். வாங்கிய உடனே வந்த பழுதுக்கு எழுத்தில் புகார் கொடுத்து, கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் காலத்துக்குத் தவணையைத் தள்ளிப்போடும் வழியும் வேண்டும், அபராதமும் கடன் பதிவில் கறையும் இல்லாமல். கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. வாங்கிய பணத்தைக் கட்டத்தான் போகிறேன். ஓடுகிற வண்டிக்குக் கட்டுகிறேன் என்கிறேன், அவ்வளவுதான்.

சோதனைக்குச் செலவாகும், வட்டி ஏறும் என்று சொல்வீர்கள். மதிப்பீட்டுக்கு ஏற்கெனவே ஓர் ஆள் போகிறார், அவர் கையில் ஒரு ஸ்கேனரைக் கொடுப்பதற்கு எவ்வளவு ஆகிவிடும்? நன்றாக ஓட்டிக் கெடுத்துவிட்டுப் பழி போடுகிறவர்களும் வருவார்கள் என்பீர்கள். வருவார்கள். அதற்காகத்தான் முன்கூட்டியே எழுதிய அறிக்கை வேண்டும் என்கிறேன். வண்டி எந்த நிலையில் கைமாறியது என்று தாளில் இருந்தால், அது என்னிடமிருந்து உங்களையும் காப்பாற்றும்.

பதில் எழுதுவதாக இருந்தால் வாடிக்கையாளர் சேவையிலிருந்து வேண்டாம். பாவம், அந்தத் தம்பிகளுக்கு அந்த இரண்டு வரியைத் தவிர வேறெதையும் சொல்ல அனுமதி இல்லை. எந்த விற்பனையாளரைப் பட்டியலில் வைப்பது, யாருக்கு எப்போது பணத்தை விடுவிப்பது என்று முடிவு செய்கிறவர் எழுதட்டும். எழுதும்போது என் காரின் மதிப்பீட்டு அறிக்கையின் நகலையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
தவணை தவறாத ஒரு கடன்தாரர்